நான் வரைந்து சேர்த்த விரல்

பிள்ளைகளுக்குத் தைரியம் சொல்லிக் கொடுக்கிற வேலையில் ஒரே ஒரு தொல்லைதான்: வகுப்பு முடிந்த பிறகும் அவர்கள் நம்மைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அறிவியல் வாத்தியாருக்கு இந்தக் கஷ்டம் கிடையாது. அவர் வீட்டில் ஃபியூஸ் போடத் தெரியாமல் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் யார் கேட்கப் போகிறார்கள்? தைரிய வாத்தியார் தெருவில் ஒரு நாய்க்கு ஒதுங்கி நின்றால் போதும், சனிக்கிழமை வகுப்பில் அதுதான் பாடம். டியூஷன் எடுப்பவர்கள், பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள், வீட்டில் இரண்டு பிள்ளை வைத்திருப்பவர்கள், உங்களிடம்தான் இதையெல்லாம் சொல்ல முடியும்.

நான் ஓவிய ஆசிரியர் படிப்பு முடித்தவன். நிரந்தர வேலைக்குக் காத்திருந்து காத்திருந்து, நாற்பத்தோரு வயதில் ஒரு அறக்கட்டளையின் மாலை நேர மையத்தில் சேர்ந்தேன். புதுவாயல் கூட்டுரோட்டுக்குப் பின்னால், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, ஒரே ஹால். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள் இருபத்தைந்து பேர் வருவார்கள். சனிக்கிழமைதோறும் ‘தைரிய வகுப்பு’ என் பொறுப்பு. படம் வரைவது, பழைய சாக்ஸில் பொம்மை செய்வது, நாடகம் போடுவது என்று போகும். எல்லாவற்றுக்கும் மேல் தைரியப் பெட்டி. பிஸ்கட் அட்டைப் பெட்டிக்குக் கலர் பேப்பர் ஒட்டி, மேலே ஒரு கீறல் போட்டு வைத்திருந்தேன். அந்த வாரம் தான் செய்த ஒரு தைரியமான காரியத்தை எழுதியோ வரைந்தோ பிள்ளைகள் அதற்குள் போட வேண்டும். மாதக் கடைசியில் திறப்போம். எழுதின பிள்ளை தலையாட்டினால்தான் சீட்டு வெளியே வரும், இல்லாவிட்டால் எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் நடுவில் இருக்கும். இந்த விதியைப் போட்டவன் நான்தான். அப்போது அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

புலி வரைந்தவர்கள்

முதல் சனிக்கிழமை, தைரியம் என்றதும் என்ன தோன்றுகிறதோ அதை வரையச் சொன்னேன். பத்துப் புலி வந்தது. நான்கு போலீஸ். எளாவூர் செக்போஸ்டைத் தாண்டிப் போகும் லாரி ஒன்று. ஐந்தாவது படிக்கிற ஜெனிஃபர் மட்டும் ஒரு கதவு வரைந்திருந்தாள். பச்சைக் கதவு, வேறு ஒன்றுமில்லை. பெண்ணுக்கு வரைய வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, “கலர் நல்லா குடுத்திருக்க” என்று சொல்லிவிட்டு அடுத்த புலிக்குப் போய்விட்டேன்.

எங்கள் மையத்தைத் திறந்து மூடுவது, சுண்டல் அவித்துக் கொடுப்பது எல்லாம் சுகந்தி அக்கா. சுண்டல் கொடுக்கும்போது அவர்தான் ஜெனிஃபரிடம் கேட்டிருக்கிறார். அவள் இருக்கிற லைன் வீட்டில் எட்டுக் குடும்பத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு கக்கூஸ், குளிப்பதும் அங்கேதான். உள்ளே லைட் கிடையாது, கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் தினமும் தனியாகப் போய் வருகிறாள். அந்தக் கதவைத்தான் வரைந்திருக்கிறாள். இதைச் சொல்லிவிட்டு அக்கா என் கையில் சுண்டல் கிண்ணத்தைக் கொடுத்தார்.

“புலி வரைஞ்ச பசங்க எவன் சார் புலிய பாத்தான்? இது அந்தக் கதவ தெனம் பாத்துக்கினு வருது.”

ஐந்து வரை எண்ணுவது

பயம் வந்தால் நில், மூச்சை இழுத்து விடு, ஐந்து வரை எண்ணு, அப்புறம் முடிவெடு. இது என்னுடைய பெரிய பாடம். பிள்ளைகள் அட்டையில் கை வெட்டி, விரலுக்கு ஒரு எண்ணாக எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்கள். பார்க்கவே திருப்தியாக இருந்தது.

அதே சாயங்காலம் மையத்திலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். கறிக்கடைப் பக்கம் இருக்கிற கருப்பு நாய் என்னைப் பார்த்து ஒரே ஒரு குரல்தான் கொடுத்தது. எப்படி ஓடினேன், எப்படி நின்றுகொண்டிருந்த டெம்போவின் பின்னால் ஏறினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஒரு செருப்பு நடுரோட்டில் கிடந்தது. நாய் அதை முகர்ந்து பார்த்துவிட்டு, பிடிக்காமல் திரும்பிப் போய்விட்டது. நிமிர்ந்து பார்த்தால் மையத்து ஜன்னலில் இருபத்தைந்து தலை. அதில் பாதிப் பேர் அட்டைக் கையைத் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

“சார், அஞ்சு எண்ணுங்க சார்.”

பொம்மைக்கு வந்த பயம்

பூஜா என்று ஒரு பெண். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த குடும்பம். இரண்டு மாதம் அவள் குரலையே நாங்கள் கேட்டதில்லை. ஒரு சனிக்கிழமை கையில் சாக்ஸ் பொம்மையை மாட்டியதும், அந்தப் பொம்மை திடீரென்று தமிழில் பேசியது. தண்ணிக் குழாயடி நாடகம் அது. இடையில் புகுந்த பையனைப் பார்த்து, “தள்ளு. நான்தான் மொதல்ல வந்தேன்” என்றது.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஒருங்கிணைப்பாளர் ரேவதி மேடத்துக்கு வாரத்துக்கு இரண்டு வீடியோ அனுப்பியாக வேண்டும், அந்த வாரம் ஒன்றுகூட எடுக்கவில்லை. போனைத் தூக்கிக்கொண்டு, “அதையே இன்னொரு வாட்டி சொல்லும்மா” என்றேன். பூஜா பொம்மையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். அதற்கப்புறம் மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜெனிஃபர்தான் எனக்கு விளக்கம் சொன்னாள்.

“போனு பாத்ததும் பொம்ம பயந்துக்கிச்சு சார்.”

வீட்டில் வேண்டாம்

பெட்டியில் ஒரு பையனின் சீட்டு: அப்பா குடித்திருந்ததால் அவரோடு பைக்கில் ஏற மாட்டேன் என்று சொல்லி நடந்தே வீட்டுக்குப் போயிருக்கிறான். தலையாட்டினான். எல்லோர் முன்னாலும் வாசித்து, கை தட்ட வைத்தேன்.

திங்கட்கிழமை மாலையில் அவன் அப்பா வந்தார். சிப்காட் வேலை போக, பக்கத்துக் கிராமத்தில் சொந்த நெல் வயலும் வைத்திருக்கிறவர். வெள்ளைச் சட்டை, விபூதி, மரியாதையான பேச்சு. சண்டை போட்டிருந்தால்கூட நான் எதையாவது பேசியிருப்பேனோ என்னவோ. அவர் கூசிப்போய் நின்றார், நான் அவரைவிடக் கூசிப்போய், பையனிடம் சொல்லி வைக்கிறேன் என்றேன். சொல்லியும் வைத்தேன். அப்பா மனசு நோகாமல் நடந்துக்கோ என்று பதினொரு வயசுப் பையனிடம் சொன்ன தைரிய வாத்தியார் தமிழ்நாட்டிலேயே நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். அவர் படியிறங்கும்போது சொன்னது இது:

“தைரியத்த வெளிய காட்டச் சொல்லுங்க சார், ஊட்ல வாணாம்.”

முத்து முத்தாக

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற வெட்கம். இனிமேல் சொல்லப்போவது அப்படி இல்லை.

என் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் லைன் வீட்டுக்காரர்கள் ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க, பள்ளியில் டி.சி. வாங்க என்று எந்த மனுவாக இருந்தாலும் என்னிடம் வருவார்கள். ஒரு புதன்கிழமை மாலை ஜெனிஃபரின் அப்பா அந்தோணி வந்தார். வலது கையில் பந்து மாதிரி பெரிய கட்டு. கூடவே அவருடைய கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர். அந்தோணி வேலை செய்வது ஒரு பெரிய கம்பெனியின் பிரஸ் ஷாப்பில், தகட்டை மெஷினில் வைத்து அழுத்தி எடுக்கிற இடம். எங்கள் மையத்துக்கு பெஞ்சும் கலர் பென்சிலும் வாங்கிக் கொடுக்கிறதும் அதே கம்பெனிதான். சூப்பர்வைசர் வெள்ளைத்தாளை என் முன்னால் வைத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார்: ‘எங்கள் வீட்டுக் குளியலறைக் கதவில் மாட்டி என் ஆள்காட்டி விரல் நசுங்கிவிட்டது. வேலைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை.’

அந்த லைன் வீட்டில் குளியலறை கிடையாது என்று எனக்குத் தெரியும். பொதுக் கதவுக்குத் தாழ்ப்பாள்கூட இல்லை என்று தெரியும். அந்தக் கதவின் படம் என் பீரோவிலேயே இருந்தது. அந்தோணியின் முகத்தைப் பார்த்தேன், அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கலாம், ‘அண்ணே, இது நெஜமா?’ என்று. மூன்றே வார்த்தை. கேட்கவில்லை. எழுதினேன். எழுதினது மட்டுமில்லை, ‘மாட்டி’ என்பதை ‘எதிர்பாராத விதமாகச் சிக்கி’ என்று நானே அழகாக மாற்றிக் கொடுத்தேன். அந்தோணி இடது கைப் பெருவிரலில் மை தடவி ரேகை வைத்தார். ஹாலின் அந்த மூலையில் கலர் பேப்பர் வெட்டிக்கொண்டிருந்த ஜெனிஃபர், கதவு என்ற சொல் வந்தபோது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். சூப்பர்வைசர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“கையெழுத்து முத்து முத்தா இருக்குது சார். இத்தப் பாத்தா எவனும் சந்தேகப்பட மாட்டான்.”

அந்தோணியின் கை

சில வாரம் கழித்து, கம்பெனிக்காரர்கள் மையத்தைப் பார்க்க வருகிறார்கள் என்று ரேவதி மேடம் சொன்னார். சுவர் முழுக்க ‘தைரியக் கைகள்’ ஒட்டலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். வீட்டில் தைரியமானவர் என்று யாரை நினைக்கிறீர்களோ அவர் கையை அட்டையில் வைத்து, சுற்றிக் கோடு போட்டுக்கொண்டு வாருங்கள். அவர் செய்ததையோ, அவரால் நீங்கள் செய்ததையோ உள்ளே எழுதுங்கள். இருபத்துநான்கு கை ஒரே மாதிரி வந்தது. ஜெனிஃபர் கொண்டுவந்த கையில் ஆள்காட்டி விரல் பாதியில் நின்றது.

உள்ளங்கையில் ஒரு மெஷின். கோடு நடுங்கியிருந்தது, ஆனால் காலால் அழுத்துகிற பெடல், மேலே இருந்து இறங்குகிற அச்சு, கழற்றி ஓரமாகச் சாத்தி வைத்த தடுப்பு மூடி, எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது. பத்து வயசுப் பெண் வரையக்கூடியது இல்லை. கேட்டதற்கு, கட்டு மாற்றும்போது கையைச் சுற்றித் தானே கோடு போட்டதாகவும், மெஷினை அப்பா இடது கையால் வரைந்ததாகவும் சொன்னாள். கீழே அவள் எழுத்து: ‘எங்கப்பா விரல் மெஷின்ல போச்சு. கட்டு மாத்தும்போது அம்மா அந்தாண்ட திரும்பிக்கினாங்க. நான் பாத்துக்கினே துணி புடிச்சேன்.’

ஆறு மாதமாக நான் தேடிக்கொண்டிருந்த தைரியம் அதுதான். அதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கியது என்று சொன்னால் நம்பாதீர்கள். கம்பெனிக்காரர்கள் வர இன்னும் எத்தனை நாள் என்று எண்ணினேன். “இத ஒட்டணுமாம்மா? வாணாம்னா நான் வெச்சிக்கிறேன்” என்றேன், வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்ற ஆசையில்.

“ரெண்டு வாட்டி தலையாட்டிட்டேன் சார். ஒட்டலாம்.”

விரல்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரேவதி மேடம் போன் செய்து, எல்லாம் பாசிட்டிவாக இருக்கட்டும் என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகள் போய்விட்டார்கள். நான் ஸ்டூலில் ஏறி, ஜெனிஃபரின் அட்டையைச் சுவரிலிருந்து எடுத்து மேஜையில் வைத்தேன். பழுப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்தேன். பாதியில் நின்ற விரலை முடித்து வைத்தேன். ஓவியம் படித்தவன் அல்லவா, மடிப்புக்கோடு, நகம், நகத்தின் அடியில் பிறை, எல்லாம் போட்டேன். மெஷின் மேல் காகிதப் பூ ஒட்டினேன். அவள் எழுதியதன் மேல் ஒரு பட்டையை ஒட்டி, ‘என் அப்பாவே என் தைரியம்’ என்று எழுதினேன். அந்தோணியின் வேலைக்காகத்தான் இதைச் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அடுத்து பிள்ளைகளின் பெஞ்சு. கடைசியாக, வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கிற என் வேலை. இந்த வரிசை அப்படியே தலைகீழ் என்பது பேனாவை மூடும்போதே எனக்குத் தெரியும்.

மறுநாள் விருந்தாளிகள் வந்தார்கள். ஒரு மேடம் ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஜெனிஃபரின் அட்டை முன்னால் நின்று, இது யார் கை என்று கேட்டார். ஜெனிஃபர் அட்டையைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். “எங்கப்பா கை” என்றாள். அது பொய் என்று நானும் அவளும் மட்டும் அறிவோம். மேடம் அவள் தோளில் கை போட்டுக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். நல்லவர்தான், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

“அப்பா கை ரொம்ப அழகா இருக்கும்மா.”

மடித்த சீட்டு

மாதக் கடைசியில் பெட்டியைத் திறந்தேன். வழக்கமான சீட்டுகள். ஒருத்தி பல்லியைத் துடைப்பத்தால் தள்ளியிருக்கிறாள். ஒருத்தன் ஊசி போடும்போது அழவில்லை. நான்காக மடித்த ஒரு சீட்டு, பென்சிலில் எழுதியது, பெயர் இல்லை. கையெழுத்து எனக்குத் தெரியும். படித்துவிட்டு நிமிர்ந்தேன். ஜெனிஃபர் தலையை ஆட்டவில்லை. ‘இல்லை’ என்பது போல இரண்டு பக்கமும் அசைத்தாள். சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அன்று பாதி வகுப்பு என்ன சொன்னேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை.

இங்கே நீங்கள் கேட்கலாம், தலையாட்டாத சீட்டை எங்களிடம் மட்டும் எப்படிச் சொல்கிறாய் என்று. போன வாரம் அவளிடம் அனுமதி கேட்டேன். யோசித்துவிட்டு, சரி என்றாள். அதனால் இதோ, அப்படியே:

“சார் பயந்துட்டாரு. பாவம். நான் யாருக்கும் சொல்லல.”

அந்தோணி வந்தது

அடுத்த சனிக்கிழமை அந்தோணி படியேறி வந்தார். கட்டு அவிழ்த்தாகிவிட்டது. கான்ட்ராக்டர் அவரை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம், அரை விரலோடு பிரஸ்ஸில் நிற்க முடியாதாம். மெஷினில் பட்ட காயம் என்று மனு கொடுத்தால் வைத்தியத்தையும் மாற்று வேலையையும் கேட்க வழி இருக்கிறது. ஆனால் எங்கே போனாலும் அந்தக் கடிதத்தை எடுத்து நீட்டுகிறார்கள், குளியலறைக் கதவு என்று நீங்களே எழுதிக் கொடுத்திருக்கிறீர்களே என்று. எழுதினவரே வந்து, அது எப்படி எழுதப்பட்டது என்று சொன்னால் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதற்குத்தான் வந்திருக்கிறார். கோபமாகப் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பேசிக்கொண்டே சுவரைப் பார்த்தார். எழுந்து கிட்டே போனார். “நல்லா போட்டிருக்கீங்க சார். நெகம்கூட இருக்குது” என்றார். ‘உங்க வேலைக்காகத்தான்’ என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார், அந்தக் கையை. கம்பெனிக்காரங்க பார்க்கட்டும் என்று ஒட்டச் சொல்லி அனுப்பியதே தான்தான் என்றார். அவர்கள் எதிரில் தனக்கு வாய் வராது, கை வந்தது, அதனால் வரைந்தாராம். ஜெனிஃபர் இதற்குள் கத்தரிக்கோலை எடுத்து வந்து, ஸ்டூலில் ஏறி, நான் வரைந்த விரலை மட்டும் வெட்டி எடுத்தாள். வெட்டின துண்டைக் குப்பையில் போடவில்லை. என் மேஜையில் வைத்தாள். அந்தோணி அப்போதுதான் சொன்னார்:

“என் வேலைக்கோசரம்னு சொல்லாதீங்க சார். ஒரு வார்த்த என்னக் கேட்டிருக்கலாம்.”

பெஞ்சு

உடனே கிளம்பினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன். ரேவதி மேடத்திடம் கேட்டேன், அவர் ‘நீங்க சொந்த முறையில முடிவெடுத்துக்கோங்க’ என்று சொல்லிவிட்டு, அதற்கப்புறம் நான் போன் செய்தால் எடுப்பதை நிறுத்தினார். ஒரே பேஜாராக இருந்தது. மையத்தில் உட்கார்ந்து சுகந்தி அக்காவிடம், நாம் போய்ச் சொன்னால் கம்பெனி பெஞ்சைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், பிள்ளைகள் எங்கே உட்காரும் என்று புலம்பினேன். அக்கா கொண்டைக்கடலையில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார்.

“தரையில ஒக்காரும் சார். பெஞ்சுல ஒக்காந்தா மட்டும் இனிமே நீ சொல்றத கேக்குமா?”

இத்தனை மாதத்தில் அவர் என்னை ‘நீ’ என்று சொன்னது அந்த ஒரு தடவைதான்.

திருவள்ளூர்

புதுவாயலில் ஏறி, பெரியபாளையத்தில் பஸ் மாறி, திருவள்ளூர் போய்ச் சேர மதியமாகிவிட்டது. நான், அந்தோணி, பள்ளிக்கூடம் லீவு என்பதால் ஜெனிஃபர். தொழிலாளர் அலுவலகத்தில் ஒரு மேஜைக்கு முன்னால் மூன்று பேரும் நின்றோம். அதிகாரி பழைய கடிதத்தின் ஜெராக்ஸைப் படித்துவிட்டு, இதை எழுதினது யார் என்று சாதாரணமாகத்தான் கேட்டார். மேலே ஃபேனைப் பார்த்தேன். அந்தோணி என் பக்கம் திரும்பவே இல்லை, அந்த மரியாதையை அவர் எனக்குக் கொடுத்தார். என் சட்டையின் ஓரத்தை யாரோ இழுத்தார்கள். “அஞ்சு எண்ணுங்க சார்” என்று ஜெனிஃபர் மெதுவாகச் சொன்னாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

நான்கு வரை எண்ணினேன். “நான்தான்” என்றேன். வீட்டில் குளியலறை இல்லை என்று தெரிந்தே எழுதினேன் என்றும் சொன்னேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தி, சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். வரி மேலே ஏறியது, கீழே இறங்கியது, ‘தெரிந்தே’ என்ற சொல்லை இரண்டு தடவை அடித்து எழுத வேண்டியிருந்தது. விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். வெளியே வந்து ஒரு கடையில் உட்கார்ந்து டீயும் வடையும் சொன்னோம். அந்தோணி இடது கையால் டம்ளரைப் பிடித்துக் குடித்தார். ஜெனிஃபர் நான் எழுதினதன் ஜெராக்ஸை மடியில் விரித்து, எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள்.

“சார், இந்த வாட்டி கையெழுத்து கோண கோணையா இருக்குது.”

விசாரணை இன்னும் முடியவில்லை. ஒரு தடவை கூப்பிட்டார்கள், போனேன், அதே பதிலைச் சொன்னேன், அதே கோணல் கையெழுத்துப் போட்டேன். அந்தோணி இப்போதைக்கு கூட்டுரோட்டில் ஒரு டிபன் கடையில் நிற்கிறார். பெஞ்சு இன்னும் இருக்கிறது, என் வேலை அடுத்த வருஷம் இருக்குமா என்று தெரியாது. சுவரில் அந்தக் கை அரை விரலோடு இருக்கிறது. பூவைப் பிய்த்ததில் மெஷினின் ஒரு மூலை கிழிந்துவிட்டது, அதைச் சரி செய்து தருகிறேன் என்றேன், ஜெனிஃபர் வேண்டாம் என்றுவிட்டாள். போன மாதம் முதல் தடவையாக நானும் பெட்டியில் ஒரு சீட்டு போட்டேன். பிரித்தபோது, வெட்டி எடுத்த அந்த விரல் துண்டின் பின்பக்கத்தில் ‘இந்த விரலை வரைந்தது நான்தான், பயத்தில்’ என்று நான் எழுதியிருந்ததை எல்லோரும் பார்த்தார்கள். தலையாட்ட வேண்டியவன் நான்தான் என்பதால் ஆட்டினேன்.

இத்தனை சனிக்கிழமைகள் பாடம் எடுத்து நான் கற்றுக்கொண்டது, என் கையெழுத்து முத்து முத்தாக வருகிற நாளில் நான் யாருக்கோ பயந்துகொண்டிருக்கிறேன் என்பது மட்டும்தான்.